குழந்தையை ஏன் அந்தக் கட்டிலிலேயே எடுத்தோம்

அன்புள்ள தம்பிக்கு,

"பிள்ளையைக் காப்பாற்றுவதற்காக என் மனைவியை விட்டுவிட்டீர்களா, டாக்டரம்மா?" என்று சென்ற வாரம் நீங்கள் கேட்டபோது, வாசலில் நின்றபடி பதில் சொல்ல என்னால் இயலவில்லை. இதே சந்தேகத்தை வாய்விட்டுக் கேட்காமல் சுமக்கும் குடும்பங்கள் வேறும் இருப்பதால், உங்கள் சம்மதத்தோடு, பெயர்களைத் தவிர்த்து, இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

பிரசவ அறையில் உங்கள் மனைவி என்னோடு பேசிக்கொண்டிருந்தார். மூச்சு முட்டுகிறது என்றார். சற்று நேரத்தில் ரத்த அழுத்தம் சரிந்து இதயம் நின்றுவிட்டது. குழந்தையைச் சூழ்ந்திருக்கும் பனிக்குட நீர் நுரையீரலை அடைத்துவிட்டது என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். 1941இல் சிகாகோவில் ஸ்டெய்னர், லஷ்பா என்ற இருவர், பிரசவத்தின்போது இறந்த எட்டுப் பெண்களின் நுரையீரல் ரத்தக் குழாய்களில் குழந்தையின் தோல் செல்களைக் கண்டு அப்படித்தான் கருதினார்கள். ரத்தக் குழாய் அடைப்பைக் குறிக்கும் 'எம்பாலிசம்' என்ற சொல்லோடு, பனிக்குட நீர் எம்பாலிசம் என்ற பெயரும் இந்நோய்க்கு நிலைத்துவிட்டது. ஆனால் அத்தகைய செல்கள் நலமாக இருக்கும் தாய்மாரின் ரத்தத்திலும் பின்னர் காணப்பட்டன. பனிக்குட நீரும் அதிலுள்ள பொருள்களும் ரத்தத்தில் கலக்கும்போது, பல்லாயிரம் பேரில் ஒருவரின் உடல் மட்டும் கடும் ஒவ்வாமையைப் போலக் கொந்தளிக்கிறது என்றும், நுரையீரலின் ரத்தக் குழாய்கள் இறுகி இதயத்தின் வலப்புறம் திணறிப்போகிறது என்றும் இன்று புரிந்துகொள்கிறோம். யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் சோதனை எதுவும் இல்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நிறைமாதக் கருப்பை, மல்லாந்து படுத்திருக்கும் பெண்ணின் கீழுடலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுசெல்லும் பெரிய சிரையை அழுத்துகிறது. அந்த அழுத்தம் நீங்காதவரை, நெஞ்சை எவ்வளவு அழுத்தினாலும் இதயத்துக்குப் போதிய ரத்தம் திரும்பாது. அதனால்தான் செவிலியர் ஒருவர் கருப்பையை இடப்பக்கம் தள்ளிப் பிடித்தார். அப்படியும் நாடி திரும்பாததால், அறுவை அரங்குக்கு எடுத்துச் செல்லும் நேரத்தைக்கூட வீணாக்காமல், நான்காவது நிமிடத்தில் அந்தக் கட்டிலிலேயே வயிற்றைத் திறந்தேன். ஐந்து நிமிடத்துக்குள் குழந்தை வெளியே வர வேண்டும் என்பது இதில் விதி. அந்த அறுவை உங்கள் மனைவிக்காகச் செய்தது, தம்பி. வயிற்றில் குழந்தை இறந்தே இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

அவர் இதயம் மீண்டும் துடித்தது. அதன்பிறகு ரத்தம் உறையும் தன்மையை இழந்தது. இந்நோயில் பெரும்பாலும் இரண்டாவதாக வரும் பேரிடி அது. ரத்தமும், அது உறைய உதவும் பிளாஸ்மாவும் கிரையோவும் ஏற்றினோம், கருப்பையையும் அகற்றினோம். உங்கள் நண்பர்கள் ரத்த வங்கியில் வரிசையாக நின்றதை நான் அறிவேன். இரண்டு மணி நேரம் போராடியும் எங்களால் முடியவில்லை.

வலி வருவதற்கான மருந்துக்கு நீங்கள் கையெழுத்திட்டதை நினைத்துக் குமைவதாக உங்கள் அக்கா சொன்னார். பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு அந்த மருந்துக்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருப்பதாகக் காட்டியது. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனாலும் லட்சக்கணக்கான பெண்கள் அதைப் பெற்று நலமாகத்தான் வீடு திரும்புகிறார்கள். நாள் கடந்துவிட்ட கர்ப்பத்தைக் காத்திருக்க விடுவதிலும் ஆபத்து இருந்தது, அந்த முடிவை எடுத்தவள் நான்.

தாயை விழுங்கிய பிள்ளை என்று உங்கள் வீட்டில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். உங்கள் மகளின் காதில் அந்தச் சொல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது பொய் என்று அவரிடம் நானே சொல்கிறேன், அழைத்து வாருங்கள்.

குழந்தைக்கு ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசி நெருங்குகிறது. அன்று மதியம் என் அறைக்கும் வாருங்கள். உங்கள் மனைவியின் சிகிச்சைக் குறிப்புகளை எடுத்துவைத்திருக்கிறேன், நிமிடம் நிமிடமாக உங்களோடு உட்கார்ந்து படிக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மனைவிக்குப் பிரசவம் பார்த்த மருத்துவர்