ஒப்பந்தச் செய்தியோடு பணக் கணக்கையும் வெளியிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூரிய மின்சக்தித் துறையில் இயங்கும் சிறிய நிறுவனங்களுக்குப் புதிய ஒப்பந்தம் கிடைத்தால் அச்செய்தி தங்கள் வணிகப் பக்கத்தில் பெரிய எழுத்தில் வருகிறது. அதே நிறுவனங்கள் காலாண்டு அறிக்கை வெளியிடும்போது, நிகர லாபம் ஏறியதா இறங்கியதா என்ற ஒரு வரியோடு செய்தி முடிந்துவிடுகிறது. நிறுவனத்தின் கைக்கு உண்மையில் எவ்வளவு பணம் வந்தது, எவ்வளவு பாக்கி நிற்கிறது, புதிதாக எத்தனை பங்குகள் வெளியிடப்பட்டன என்ற விவரங்கள் தமிழில் படிக்கக் கிடைப்பது அரிதாக இருக்கிறது. இக்குறையைத் தாங்கள் நீக்க வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

நான் கட்டுமான ஒப்பந்த நிறுவனங்களின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பிறை, பட்டர்வொர்த் வட்டாரத்தில் எனக்குப் பழக்கமானவர்களில் தொழிற்சாலைத் தொழில்நுட்பர்கள், ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், லாரி ஓட்டுநர்கள் எனப் பலர் இத்தகைய சிறிய நிறுவனங்களின் பங்குகளை வைத்திருக்கிறார்கள். ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தைப் போட்டவர்களும் அவர்களில் உண்டு. ஒப்பந்தச் செய்தி வெளிவந்த காலையில் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து ஒருவருக்கொருவர் அனுப்புகிறார்கள். சந்தை திறப்பதற்குள் பங்குத் தரகரான ரெமிசியருக்கு அழைப்பு போய்விடுகிறது. இவர்களை அவசரக்காரர்கள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. நிலக்கரிப் புகையை நம்பியிருக்கும் நாடு வெயிலை நம்பி வாழ வேண்டும் என்ற உண்மையான விருப்பமும் அவர்களுக்கு இருக்கிறது. எனக்கும் அது இருக்கிறது.

நம் நாட்டுப் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவில், வளரும் நிறுவனங்களுக்கென உள்ள ஏஸ் சந்தை 2009ஆம் ஆண்டில் இப்போதைய வடிவத்தைப் பெற்றது. அச்சந்தையில் 2019 நவம்பரில் சோலார்வெஸ்ட், 2020 அக்டோபரில் சமாய்டென், 2021 ஜூனில் பெக்காட், 2022 அக்டோபரில் சன்வியூ என்று சூரிய மின்சக்தி நிறுவனங்கள் வரிசையாகப் பட்டியலிடப்பட்டன. சிறு முதலீட்டாளரின் கவனம் இத்துறையின் மீது திரும்பியது இந்த ஆண்டுகளில்தான். இனி நான் எழுதுவது இவற்றில் எந்த நிறுவனத்தையும் குறித்தது அன்று. இத்துறையில் பணம் எந்த வழியாக நகர்கிறது என்பதைக் குறித்தது.

ஒப்பந்தச் செய்தியில் வரும் தொகை லாபமும் அன்று, வங்கியில் சேர்ந்துவிட்ட பணமும் அன்று. ஒரு நிறுவனம் 5 கோடி வெள்ளிக்கு (ரிங்கிட்) சூரிய மின்நிலையம் ஒன்றைக் கட்டித்தர ஒப்புக்கொள்கிறது என்று எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்வோம். நிலத்தைச் சமன்படுத்தி, தூண்களை இறக்கி, சட்டங்களைப் பொருத்தி, சூரியத் தகடுகளையும் மின்னோட்டத்தை மாற்றித்தரும் இன்வெர்ட்டர்களையும் ஏற்றி, மின்வாரியமான தெனாகா நேஷனலின் துணை மின்நிலையத்தோடு இணைத்து, சோதித்துப் பார்த்து ஒப்படைக்கும் வரை ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். வேலை எந்த அளவு முடிந்திருக்கிறதோ அந்த அளவுக்கு வருமானத்தையும் லாபத்தையும் கணக்கில் எழுதிக்கொள்ள கணக்கியல் விதி இடம் தருகிறது. அறுபது விழுக்காட்டு வேலை முடிந்தால் 3 கோடி வெள்ளி வருமானமாக ஏறிவிடும். ஆனால் அதில் 2 கோடிக்கு மட்டுமே பில் போட்டிருக்கலாம். அந்த 2 கோடியிலும் ஒன்றரைக் கோடிதான் வந்து சேர்ந்திருக்கலாம். பில் போடாத 1 கோடி ‘ஒப்பந்தச் சொத்து’ என்ற பெயரில் இருப்புநிலைக் குறிப்பில் உட்கார்ந்திருக்கும். இதற்கிடையே தகடு விற்றவருக்கும் துணை ஒப்பந்தக்காரருக்கும் ரொக்கம் கொடுத்தாக வேண்டும். லாபம் காட்டும் நிறுவனம் பணத்துக்கு அலைவது இப்படித்தான். இதில் மோசடி எதுவும் இல்லை, ஒப்பந்த வேலையின் இயல்பே அது. என் வேலைக் காலத்தில் நல்ல ஒப்பந்தங்களைக் கையில் வைத்துக்கொண்டே ஊழியர் சம்பளத்துக்குக் கடன் வாங்கிய நிறுவனத்தையும் பார்த்திருக்கிறேன். துணை மின்நிலைய இணைப்பு சில மாதம் தள்ளிப்போனால் கடைசித் தவணையும் தள்ளிப்போகும். குறைகள் சரிசெய்யப்படும் வரை வாடிக்கையாளர் பிடித்து வைக்கும் தொகை அதற்குப் பிறகுதான் விடுவிக்கப்படும்.

ஆகவே காலாண்டு அறிக்கையைக் கையில் எடுப்பவர் லாபத்தைப் பார்த்த கையோடு பணப்புழக்க அறிக்கைக்குப் போக வேண்டும். அங்கே ‘செயல்பாடுகளிலிருந்து கிடைத்த நிகரப் பணம்’ என்ற வரி தொடர்ந்து பல காலாண்டுகளாக அடைப்புக்குறிக்குள் இருந்தால், அதாவது பணம் வருவதைவிடப் போவதே அதிகமாக இருந்தால், அதற்கான காரணத்தைக் கேட்க வேண்டும். வேலை வேகமாக வளர்வதாலும் அப்படி நேரும். வாடிக்கையாளர் பணம் தராமல் இழுத்தடிப்பதாலும் நேரும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை, ஒப்பந்தச் சொத்தும் வரவேண்டிய பாக்கியும் வருமானத்தைவிட வேகமாகப் பெருகுகின்றனவா என்பதைப் பார்த்து ஓரளவு கணித்துவிடலாம். பங்கு வெளியீட்டில் திரட்டிய தொகை எதற்கெல்லாம் செலவானது, எவ்வளவு மிச்சம் என்பதைக் காட்டும் அட்டவணையும் அதே அறிக்கையின் பின்பக்கக் குறிப்புகளில் இருக்கும். ஒவ்வொரு காலாண்டும் முடிந்து 2 மாதங்களுக்குள் இவ்வறிக்கை வெளியாக வேண்டும் என்பது புர்சாவின் விதி. யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் படிக்கலாம்; ஆனால் தமிழில் இல்லை.

அரசாங்கக் கொள்கையின் வேகம் இந்நிறுவனங்களின் வருமானத்தை எப்படி ஆட்டுகிறது என்பதும் நம் வாசகருக்குப் போதிய அளவு சொல்லப்படவில்லை. சூரிய மின்நிலையம் அமைக்கும் வாய்ப்பை ஏலத்தின் வழி ஒதுக்கும் பெருமளவு சூரிய மின்சக்தித் திட்டத்தின் நான்காம் சுற்றில், 2021ஆம் ஆண்டில் 30 ஏலதாரர்களுக்கு ஏறத்தாழ 823 மெகாவாட் ஒதுக்கப்பட்டது. போட்டி கடுமையாக இருந்ததால் ஒரு கிலோவாட் மணி மின்சாரத்தை 20 சென்னுக்கும் குறைவான விலையில் தர முன்வந்தவர்களும் இருந்தார்கள். அந்த ஆண்டிலேயே தகடுகளின் மூலப்பொருளான பாலிசிலிக்கான் விலை எகிறி, அதோடு தகடுகளின் விலையும் ஏறியது. விற்பனை விலை பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டுவிட்ட நிலையில் செலவு மட்டும் உயர்ந்ததால், வேலைகள் தள்ளிப்போயின. கட்டித்தரும் நிறுவனங்களின் லாப விகிதம் நசுங்கியது. பின்னர் அச்சுற்றுக்கான மின்சாரக் கொள்முதல் ஒப்பந்தக் காலம் 21 ஆண்டுகளிலிருந்து 25 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. 2023க்குப் பிறகு தகடு விலை வெகுவாகச் சரிந்தது வேறு கதை. வீட்டுக் கூரை வேலைகளிலும் இதே ஏற்ற இறக்கம் உண்டு. கூரையில் மிஞ்சும் மின்சாரத்தை மின்கட்டணத்தில் கழித்துக்கொள்ள உதவிய மூன்றாம் நிகர மின்அளவீட்டுத் திட்டம் 2025 ஜூன் 30இல் முடிவுக்கு வந்தது. கெடு முடிவதற்குள் விண்ணப்பித்துவிட வேண்டும் என்று மக்கள் முண்டியடிக்கும் மாதங்களின் விற்பனையை வைத்து அடுத்த ஆண்டின் லாபத்தைக் கணக்கிட்டால் கணக்கு தவறும்.

மின்நிலையத்தைக் கட்டிக்கொடுத்துவிட்டு நகரும் நிறுவனமும், மின்நிலையத்தைத் தானே வைத்திருந்து மின்சாரம் விற்கும் நிறுவனமும் ஒன்றல்ல. முன்னதற்கு ஒப்பந்தம் தீர்ந்தால் அடுத்த ஒப்பந்தத்தைத் தேட வேண்டும். பின்னதற்கு 20 ஆண்டுகளுக்கு மேல் சீரான வருமானம் உண்டு; ஆனால் தொடக்கத்திலேயே பெருங்கடன் ஏறும். பல நிறுவனங்கள் இரண்டையும் செய்கின்றன. ‘சூரிய சக்தி நிறுவனம்’ என்ற ஒரே பெயரில் செய்தி வந்தால் எந்தத் தொழிலுக்குப் பணம் போட்டிருக்கிறோம் என்பதே முதலீட்டாளருக்குத் தெரியாமல் போகிறது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது புதிய பங்கு ஒதுக்கீடு. பணம் தேவைப்படும் சிறிய நிறுவனம், தான் தேர்ந்தெடுக்கும் சிலருக்குப் புதிய பங்குகளை விற்கலாம். இதைத் தனியார் பங்கு ஒதுக்கீடு என்கிறோம். பங்குதாரர்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தரும் பொது அனுமதியின் பேரில், வெளியிடப்பட்ட பங்குகளில் 10 விழுக்காடு வரை, கடந்த 5 சந்தை நாட்களின் சராசரி விலையிலிருந்து 10 விழுக்காடு வரை குறைத்து ஒதுக்க விதி இடமளிக்கிறது. கோவிட் காலத்தில் இந்த உச்சவரம்பு தற்காலிகமாக 20 விழுக்காடாக உயர்த்தப்பட்டிருந்தது. 10 விழுக்காடு சிறிய அளவாகத் தோன்றும். ஆனால் நூறு பங்குகள் நூற்றுப்பத்தானால் பழைய பங்குதாரரின் நூறு விழுக்காட்டு உரிமை 90.9 விழுக்காடாகிறது, அடுத்த ஆண்டும் அதே அளவு ஒதுக்கினால் 82.6 விழுக்காடாகிறது. லாபம் 21 விழுக்காடு கூடினால்தான் ஒரு பங்குக்குக் கிடைக்கும் லாபம் பழைய இடத்திலேயே நிற்கும். நிகர லாபம் இத்தனை விழுக்காடு உயர்ந்தது என்று செய்தி போடும்போது ஒரு பங்குக்கான லாபத்தையும் பக்கத்தில் போட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். திரட்டிய பணம் நல்ல மின்நிலையத்துக்குப் போனால் பங்குதாரருக்கு நன்மையே. பழைய கடனை அடைக்கவும் அன்றாடச் செலவுக்கும் போனால் அடுத்த ஒதுக்கீடும் வரும் என்று எதிர்பார்க்க வேண்டியதுதான்.

இந்த அனுமதியைத் தருபவர்கள் பங்குதாரர்களே என்பதைப் பலர் அறிவதில்லை. ஆண்டுப் பொதுக்கூட்ட அழைப்பில், நிறுவனச் சட்டம் 2016இன் 75, 76ஆம் பிரிவுகளின் கீழ் பங்கு வெளியிடும் அதிகாரம் கோரும் தீர்மானம் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். பாதிக்கு மேல் பங்கு வைத்திருக்கும் நிறுவனர்கள் இருக்கும் இடத்தில் சிறு பங்குதாரரின் வாக்கு அதைத் தடுக்காது என்பது உண்மை. இருந்தாலும் கேள்வி கேட்கும் உரிமை 100 பங்கு வைத்திருப்பவருக்கும் உண்டு. கூட்டத்தில் பேசப்பட்ட முக்கியச் செய்திகளின் சுருக்கத்தை நிறுவனம் தன் இணையத்தளத்தில் வெளியிட்டாக வேண்டும். அதாவது சபையில் கேட்ட கேள்வியும் அதற்கு நிர்வாகம் சொன்ன பதிலும் எழுத்தில் பதிவாகின்றன. அடுத்த ஆண்டு அந்தப் பதிலை வைத்தே மீண்டும் கேட்கலாம். 2025 மார்ச் முதல் பொதுக்கூட்டத்தை முழுக்க இணையவழியில் மட்டும் நடத்த முடியாது, நேரில் கலந்துகொள்ள வழி இருக்க வேண்டும் என்று ஆனதும் நமக்கு வசதியே. தலைநகருக்குப் போக இயலாத பினாங்குக்காரர்கள் தம் சார்பில் ஒருவரை நியமிக்கலாம். சிறுபான்மைப் பங்குதாரர் கண்காணிப்புக் குழு நிறுவனங்களிடம் எழுப்பும் கேள்விகளைப் படித்தாலே, எதைக் கேட்க வேண்டும் என்ற தெளிவு பிறக்கும்.

நம் சமூகத்தில் பங்கு என்றதும் மூத்தவர்கள் மலேசிய இந்தியர்களின் முதலீட்டு நிறுவனமான மைக்கா ஹோல்டிங்ஸை நினைக்கிறார்கள். 1982இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனத்தில் 60,000க்கும் மேற்பட்டவர்கள் 10 கோடி வெள்ளிக்கும் மேல் போட்டார்கள். 2010இல் அப்பங்குகளை ஒன்றுக்கு 80 சென் விலையில் வாங்கிக்கொள்ள ஒரு நிறுவனம் முன்வந்தது. அந்த வடு இன்னும் ஆறவில்லை என்பதால் பங்குச் சந்தையே வேண்டாம் என்பவர்கள் ஒரு பக்கம். எதையும் படிக்காமல் வாட்ஸ்அப்பில் வரும் குறிப்பை நம்பி, பணம் கட்டாமலே பங்கை வாங்கிச் சில நாளில் விற்கும் ‘கான்ட்ரா’ ஆடும் இளைஞர்கள் மறுபக்கம். உரிமமின்றி முதலீட்டு ஆலோசனைத் தொழில் நடத்துவது, 2007ஆம் ஆண்டு மூலதனச் சந்தைச் சட்டத்தின் 58ஆம் பிரிவின்படி 10 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம் என்று அக்குறிப்பு அனுப்புபவர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். இந்த இரு பக்கத்தாருக்கும் நடுவில், கணக்கைப் படித்துப் பொறுமையாகப் பங்கு வைத்திருக்க விரும்புகிறவர்களுக்கு உதவக்கூடிய இடத்தில் தமிழ் நாளிதழ்தான் இருக்கிறது.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது இதுதான். பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் இறுதியில் காலாண்டு அறிக்கைகள் குவியும். அவ்வாரங்களில் வணிகப் பக்கத்தில் கால் பக்கம் ஒதுக்கி, பட்டியலிடப்பட்ட சூரிய மின்சக்தி நிறுவனங்களின் வருமானம், ஒரு பங்குக்கான லாபம், செயல்பாட்டிலிருந்து வந்த பணம், வரவேண்டிய பாக்கியும் ஒப்பந்தச் சொத்தும், மொத்தப் பங்குகளின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சென்ற ஆண்டின் அதே காலாண்டோடு சேர்த்து அட்டவணையாக வெளியிடுங்கள். எந்தப் பங்கை வாங்கலாம் என்று சொல்ல வேண்டியதில்லை. அது தங்கள் பணியும் அன்று. ஒப்பந்தச் செய்தி வரும்போது, அந்த வேலை எந்த மாதம் முடிய வேண்டும் என்ற தேதியையும் தவறாமல் போடுங்கள். அத்தேதி கடந்ததும் வேலை முடிந்ததா என்று தங்கள் செய்தியாளர் அந்நிறுவனத்தைக் கேட்டு எழுதட்டும். அட்டவணையின் தலைப்புகளைத் தமிழில் அமைக்கவும் எண்களைச் சரிபார்க்கவும் ஆள் தேவையென்றால், ஊதியம் எதுவுமின்றி அவ்வேலையைச் செய்துதர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணக்காளர் ஒருவர்,
பட்டர்வொர்த், பினாங்கு