ஆஷிக்குகளுக்கு விழா மேடை மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

துருக்கியின் ஆஷிக் பாடல் மரபு 2009-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் பட்டியலில் பெயர் ஏறியதால் மட்டும் ஒரு கலை பிழைத்துவிடாது.

சாஸ் என்ற நீண்ட கழுத்துள்ள நரம்பு வாத்தியத்தை மீட்டிக்கொண்டு, அந்த இடத்திலேயே பாட்டுக் கட்டுபவர்கள் ஆஷிக்குகள். இரண்டு பேர் எதிரெதிரே அமர்ந்து, கொடுக்கப்பட்ட இயைபுக்குள் பாட்டாலேயே மோதிக்கொள்வார்கள். உதடுகளுக்கு நடுவே ஊசியை வைத்து, உதடு ஒட்டும் எழுத்தே வராமல் பாடுவதும் உண்டு. நம் நிரோட்டகம்தான், ஆனால் யோசிக்க நேரமே கிடையாது! இதற்கு ரசித்துக் கேட்கிற கூட்டம் வேண்டும். கார்ஸ், எர்சுரும் ஊர்களின் காபிக் கடைகள் அந்தக் கூட்டத்தை வளர்த்தவை. ஒலிப்பதிவு பாட்டைக் காப்பாற்றும். பதிலுக்குப் பதில் பாடும் திறமையை அது கற்றுத்தராது.

சிவாஸ் மாகாணத்துச் சிற்றூரில் பிறந்த ஆஷிக் வெய்சல் (1894–1973) சிறுவயதில் பெரியம்மையால் பார்வை இழந்தவர். 1940-களில் துருக்கியின் கிராமக் கல்வி நிலையங்களில் அவரையே சாஸ் ஆசிரியராக வைத்தார்கள். மிக உருப்படியான காரியம் அது என்பேன். விழாவுக்கு அழைத்துக் கைதட்டி அனுப்புவதோடு நிறுத்தாமல், இன்றைய மூத்த ஆஷிக்குகளுக்கும் மாதச் சம்பளம் கொடுத்துப் பள்ளிகளுக்கு அழைத்து வர வேண்டும். அப்புறம், குருவோடு கூடவே இருந்து கற்க வரும் இளைஞர்களுக்கு உதவித்தொகையும் வேண்டும். பல ஆண்டுகள் பிடிக்கும் படிப்பு இது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை