பொலோனியாவில் மாவு தேய்த்த கதை

அன்புள்ள கண்ணு,

இத்தாலியில் இந்த பொலோனியா ஊரில் நீ பணம் கட்டி ஏற்பாடு செய்த பாஸ்தா சமையல் வகுப்புக்கு நேற்றுப் போய் வந்தோம். "'நல்லா இருந்துச்சு'ன்னு ஒரே வரியில முடிச்சிடாதீங்கம்மா" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாய். போனில் பேசினால் பாதியில் அப்பா வாங்கிக்கொள்வார் என்பதால் எழுதுகிறேன். ஏப்ரலில் நீயும் மாப்பிள்ளையும் இந்தப் பக்கம் வரும்போது உங்களுக்கும் உதவும்.

முதலில், ஆளுக்கு ஒரு பலகை, மாவு தேய்க்க ஆளுக்கு ஒரு கட்டை என்று விசாரித்துப் பதிவு செய்தாயே, அதற்கே உன்னை மெச்ச வேண்டும். எங்கள் டூர் குழுவில் வந்திருக்கும் ஒரு தம்பதி வேறோர் ஊரில் இப்படி ஒரு வகுப்புக்குப் போயிருக்கிறார்கள். அங்கே மாவு முன்னாலேயே பிசைந்து தயாராக இருந்ததாம். மெஷினின் கைப்பிடியை ஆளுக்கொரு தடவை சுற்றினார்கள், போட்டோ எடுத்தார்கள், ஒயின் ஊற்றினார்கள், முடிந்தது. அதைச் சமையல் வகுப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நல்ல ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் அதே காசுக்கு வயிறாவது நிறைந்திருக்கும்.

எங்கள் வகுப்பு பியாட்சா மாஜோரே சதுக்கத்துக்குப் பின்னால், குவாத்ரிலாத்தெரோ என்று சொல்லும் பழைய கடைத்தெருவை ஒட்டிய ஒரு மாடியில். காலையில் தூறல்தான், ஆனால் குடை விரிக்க வேலையே வரவில்லை. ஊர் முழுக்க வீடுகளின் முன்புறம் தூண் வைத்துக் கூரை போட்ட நடைபாதை. மொத்தம் 62 கிலோமீட்டர் இருக்கும் என்கிறார்கள். 2021-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். நம் காரைக்குடி வீட்டுத் திண்ணைகளை எல்லாம் ஒன்றோடு ஒன்று கோத்து விட்டமாதிரி இருக்கிறது என்று அப்பா சொன்னார்.

சொல்லிக்கொடுத்த அம்மாவுக்கு அறுபத்தைந்து வயது இருக்கலாம். ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஒரு சின்னப் பெண் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தாள், ஆனால் பாதி நேரம் அவளுக்கு வேலை இல்லை. அந்த அம்மா பேசுவதைவிட நம் கையைப் பிடித்துத் திருத்துவதுதான் அதிகம். வந்ததும் என் உயரத்தை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே போய் ஒரு மரப்படியைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டார். மாவைத் தேய்க்க உடம்பின் பாரம் மேலிருந்து இறங்க வேண்டுமாம். பலகை இடுப்புக்கு மேலே இருந்தால் தோள்தான் வலிக்கும். இத்தனை வருஷமாக நம் வீட்டுச் சமையல் மேடை எனக்கு உயரம் என்று நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், கேட்பார் யார்?

கணக்கு ரொம்ப எளிது. 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை. தண்ணீர் இல்லை, எண்ணெய் இல்லை, மாவில் உப்புகூட இல்லை. மாவு நம் மைதாவைப் போல நைசான கோதுமை மாவு. பாக்கெட்டில் இரண்டு சைபர் போட்டிருக்கும். முட்டையை உடைத்ததும் எனக்கு ஆச்சரியம், கரு அப்படி ஓர் ஆரஞ்சு நிறம். பாஸ்தாவுக்கென்றே கோழிக்குத் தீவனம் பார்த்துப் போட்டு இந்த நிறத்துக்குக் கொண்டுவருகிறார்களாம்.

மாவைப் பலகையில் குவித்து நடுவில் குழி பறித்து முட்டையை அதிலேயே ஊற்றி, முள்கரண்டியால் அடித்துக்கொண்டே உள்பக்கக் கரையிலிருந்து மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். எனக்கு எதிரில் நின்ற பையன் அவசரப்பட்டுக் கரையை உடைத்துவிட்டான். முட்டை பலகையில் ஓடியது. அந்த அம்மா திட்டவில்லை. தகடு போன்ற ஒரு சுரண்டியால் ஒரே இழுப்பில் எல்லாவற்றையும் வாரிக்கொண்டுவந்து அவன் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

பிசைவதுதான் நீ கவனிக்க வேண்டியது. சப்பாத்தி மாவு இரண்டு நிமிஷத்தில் இளகிவிடும். இது இளகாது. முதல் ஐந்து நிமிஷம் "இது சரியாக வராது" என்றே தோன்றும். உள்ளங்கையின் அடிப்பகுதியால் முன்னே தள்ளு, மடி, கால்வட்டம் திருப்பு, மறுபடி தள்ளு. பத்துப் பன்னிரண்டு நிமிஷம் ஆனதும் சொரசொரப்பு போய் மேல்பரப்பு வழவழவென்று ஆகிவிடுகிறது. விரலால் அழுத்தினால் பள்ளம் மெதுவாக எழும்பி வரும். அதுவரைக்கும் தண்ணீர் தெளிக்கக் கை பரபரக்கும், தெளித்துவிடாதே. பிறகு ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி அரைமணி நேரம் விட வேண்டும். பிசைந்த விறைப்பு தளர்ந்தால்தான் தேய்க்கும்போது சுருங்காமல் விரியும்.

அந்த அரைமணி நேரத்தில் உள்ளே வைக்கும் பூரணம். மாடும் பன்றியும் வேண்டாம் என்று நீ முன்கூட்டியே எழுதியிருந்ததால் எங்களுக்கு தொர்த்தெல்லோனி, கொழுக்கட்டை மாதிரி பூரணம் வைத்து மடிக்கும் பாஸ்தா. ரிக்கோட்டா என்ற மிருதுவான சீஸ், பார்மிஜானோ சீஸ் துருவல், பார்ஸ்லி, ஜாதிக்காய், அவ்வளவுதான். ரிக்கோட்டாவைத் துணியில் கட்டித் தண்ணீரை வடித்திருந்தார்கள். ஈரம் இருந்தால் மாவு ஊறிப் பிய்ந்துவிடும். இதிலேயே குட்டி வடிவம் தொர்த்தெல்லினி. அதற்குள் பன்றி இறைச்சிதான் வைப்பது வழக்கம். அதன் வடிவம் எதைப் பார்த்து வந்தது என்று ஒரு கதை சொல்கிறார்கள். வீனஸ் தேவதை, ஒரு சத்திரக்காரன், ஒரு சாவித்துவாரம். மீதியை அப்பாவிடம் கேட்டுக்கொள், அவர்தான் விழுந்து விழுந்து சிரித்தார்.

மாப்பிள்ளைக்காக ஒன்று சொல்ல வேண்டும். இறைச்சி சாப்பிடாதவர், முட்டை சாப்பிடுவார், சரி. ஆனால் பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட் சேர்ப்பதுதான் விதி. கிரானா பதானோவும் அப்படித்தான். இங்கே "இறைச்சி இல்லை" என்று சொன்னால் சீஸைக் கணக்கில் எடுக்கவே மாட்டார்கள். அவருக்கு அது பரவாயில்லை என்றால் நீ ஒன்றும் செய்ய வேண்டாம். அது ஆகாது என்றால், பதிவு செய்யும்போதே தாவர ரென்னட் சீஸ் வேண்டும் என்று எழுதிவிடு. ரிக்கோட்டாவும் சீஸ் எடுத்த பிறகு பிரிந்து நிற்கும் தண்ணீரைத் திரும்பக் காய்ச்சி எடுப்பது என்பதால் அதையும் சேர்த்துக் கேள். பந்தியில் உட்கார்ந்த பிறகு கேட்டால் எல்லோருக்கும் சங்கடம்.

சரி, தேய்ப்பதற்கு வருகிறேன். கட்டை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம், இரு முனையிலும் ஒரே பருமன். நாம் சப்பாத்தியைத் தேய்க்கும்போது கீழ்நோக்கி அழுத்துகிறோம், அதுவும் தானாகச் சுற்றும். இங்கே அழுத்தவே கூடாது. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மட்டும் தள்ள வேண்டும். கொஞ்சம் பெரிதானதும் முன்விளிம்பைக் கட்டையில் சுற்றி, சுற்றிய மாவின் மேல் இரு உள்ளங்கையையும் நடுவில் வைத்து முனைகளை நோக்கி நகர்த்திக்கொண்டே உருட்ட வேண்டும். அப்போது மாவு அகலவாட்டில் இழுபடுகிறது. இதை எத்தனை வீடியோ பார்த்தாலும் பிடிபடாது, கண்ணு. அந்த அம்மா பின்னால் வந்து நின்று என் கைகளின் மேல் தன் கைகளை வைத்தார். எவ்வளவு லேசாக வைத்தார் என்பதுதான் பாடம். நான் நினைத்ததில் கால்வாசி பாரம்கூட இல்லை. அந்த லேசை நான் உனக்கு எழுதிக் காட்ட முடியாது. அதற்காகத்தான் போ என்கிறேன்.

மரப்பலகையும் மரக்கட்டையும் வைத்துத் தேய்த்தால் மாவின் மேல் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு நிற்குமாம்; சாஸ் அதில்தான் பிடிக்கும். இரும்பு உருளை மெஷினில் போட்டால் வழவழவென்று வந்து சாஸ் வழிந்துவிடும் என்றார். எவ்வளவு மெலிசாகத் தேய்க்க வேண்டும் என்று கேட்டதற்கு, தேய்த்த மாவை ஜன்னலுக்கு எதிரில் தூக்கிப் பிடித்து, "இதற்குள்ளால் சான் லூக்கா தெரிய வேண்டும்" என்றார். ஊருக்கு வெளியே குன்றின்மேல் இருக்கும் மாதா கோயில் அது. 666 வளைவுகள் கொண்ட நடைபாதை அங்கே ஏறுகிறது. என்னுடைய மாவில் ஜன்னல் கம்பி தெரிந்தது. போதும் என்று தலையாட்டினார்.

அப்பாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வாய். மில்லில் ஃபிட்டராக இருந்த கை அல்லவா, அவர் பலகையைத்தான் முதலில் ஆராய்ந்தார். மேசை விளிம்பில் மாட்டிக்கொள்ளக் கீழே ஒரு கட்டை அடித்திருக்கிறார்கள், தள்ளும்போது நகராது என்று எனக்குக் காட்டினார். தாலியத்தெல்லே என்ற நாடா பாஸ்தா வெட்டும் நேரம் வந்ததும் அவரைப் பிடிக்க முடியவில்லை. தேய்த்த தாள் சற்று உலர்ந்ததும் தளர்வாக மடித்து, நீளக் கத்தியால் சீராக நறுக்கி, உதறி விரிக்க வேண்டும். வீட்டில் பீன்ஸ் நறுக்குவது அவர் வேலைதானே. அந்த அம்மா பார்த்துவிட்டு மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அதோடு நின்றதா? தாலியத்தெல்லேயின் அகலத்துக்கு அதிகாரபூர்வ அளவே இருக்கிறது. 1972 ஏப்ரல் 16 அன்று பொலோனியா வர்த்தக சபையில் பதிவு செய்திருக்கிறார்கள். வெந்த பிறகு 8 மில்லிமீட்டர். தங்கத்தில் ஒரு மாதிரியே செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். ஊர் நடுவில் நிற்கும் அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270-இல் ஒரு பங்கு அது என்பது அவர்கள் பெருமை. அப்பா உடனே போனை எடுத்து, கோபுரம் 97.2 மீட்டர் என்று பார்த்து, வகுத்து, "7.92 வருது, எட்டு இல்லை" என்று அந்தச் சின்னப் பெண்ணிடம் சொன்னார். அவள் மொழிபெயர்த்ததும் சமையலறையே சிரித்தது. பக்கத்தில் சாய்ந்து நிற்கும் கரிசெண்டா கோபுரத்தின் நிலைமை மோசமாகி 2023 அக்டோபரில் அந்த இடத்தையே அடைத்துவிட்டதால் கோபுரத்தில் ஏற முடியவில்லை என்பதுதான் அவருக்குக் குறை. என் முழங்காலுக்கு அது குறையே இல்லை.

தொர்த்தெல்லோனிக்கு மட்டும் தாளை உலர விடக் கூடாது. உடனே சதுரமாக வெட்டி, பூரணம் வைத்து, முக்கோணமாக மடித்து, உள்ளே காற்று நிற்காமல் ஓரத்தை அழுத்தி, விரலைச் சுற்றி இரு முனையையும் ஒட்ட வேண்டும். காற்று நின்றால் கொதிக்கும்போது வெடிக்கும். வேகவைக்க ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் உப்பு, அதில் 100 கிராம் பாஸ்தா. புதிய தாலியத்தெல்லே இரண்டு மூன்று நிமிஷத்தில் வெந்துவிடும். தொர்த்தெல்லோனியை வெண்ணெயில் சேஜ் இலையைப் பொரியவிட்டு, பாஸ்தா வெந்த தண்ணீர் ஒரு கரண்டி சேர்த்துப் புரட்டினோம். சேஜ் வாசம் முதலில் மருந்துபோல இருந்தது, வெண்ணெயில் முறுகியதும் கறிவேப்பிலையை மறந்துவிட்டேன்.

மற்றவர்களுக்கு ரகூ என்ற இறைச்சி சாஸ். வெங்காயம், கேரட், செலரி, மாட்டிறைச்சி, பன்றிக் கொழுப்பு, ஒயின், கொஞ்சம் தக்காளி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் சிறுதீயில். இதை ஸ்பகெட்டியோடு சாப்பிடலாமா என்று யாரோ கேட்டார்கள். அந்த அம்மா பதிலே சொல்லாமல் கத்தியைத் துடைக்க ஆரம்பித்தார். உலகமெல்லாம் இந்த ஊர் பேரில் விற்கும் ஸ்பகெட்டி இந்த ஊர் வழக்கத்தில் கிடையாது. காய்ந்த ஸ்பகெட்டி தெற்கத்திக் கெட்டிக் கோதுமையில் தண்ணீர் விட்டுச் செய்வது. இத்தாலியில் காய்ந்த பாஸ்தாவை அந்தக் கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்று 1967-இல் சட்டமே போட்டுவிட்டார்கள்.

உன் மாமியாரும் உங்களோடு வருவதாகக் கேள்விப்பட்டேன். அவர் முட்டையும் தொடமாட்டார் அல்லவா, அப்படியானால் இந்த வகுப்பு அவருக்குச் சரிப்படாது. தெற்கே பாரி நகரத்துக்குப் போக முடிந்தால் போங்கள். பழைய ஊரில் பெண்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து ரவையும் தண்ணீரும் மட்டும் பிசைந்து, கத்தி முனையால் இழுத்து, கட்டைவிரலில் புரட்டிக் குட்டிக் கிண்ணம் போல ஒரெக்கியெத்தே செய்வார்களாம். உட்கார்ந்துகொண்டே செய்கிற வேலை. இங்கே மூன்று மணி நேரம் நிற்க வேண்டியிருக்கிறது.

அந்த நீளக் கட்டை ஒன்றை அப்பா வாங்கிவிட்டார். பெட்டிக்குள் குறுக்குவாட்டில்கூட நுழையவில்லை, பேப்பர் சுற்றித் தனியாக லக்கேஜில் போடுவதாக இருக்கிறார். டிசம்பரில் நீ வரும்போது அந்த சைபர் சைபர் மாவு இரண்டு கிலோ கொண்டு வா, முட்டையை நான் வாங்கி வைக்கிறேன். நம் ஊர் முட்டை சின்னது, மஞ்சள் கரு ஒன்று கூடுதலாகப் போட வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன். அதை உன்னோடு சேர்ந்து செய்து பார்த்துக்கொள்ளலாம். வகுப்புக்கு எவ்வளவு கட்டினாய் என்று அப்பா தினமும் கேட்கிறார். சொல்லாதே.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா