புரொஜெக்டருக்கு முன்னால் பிடித்த டயறி

யாழ்ப்பாணத்தில் படம் திரையிடுகிறவர்களுக்கும், குறும்படம் எடுக்கிற தம்பி தங்கைகளுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் நகரத்தில் நடந்த ஒரு திரையிடலில் இருந்து தொடங்குகிறேன். எந்த அமைப்பு, எந்த மண்டபம் என்று சொல்லப் போவதில்லை. வந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்குத் தேவையில்லை. படம் பிரெஞ்சு. செலின் சியாமா 2019 இல் எடுத்த ‘போர்ட்ரெய்ட் ஒஃப் எ லேடி ஒன் ஃபயர்’. பதினெட்டாம் நூற்றாண்டு, கடல் நடுவே ஒரு தீவு. கலியாணம் பேசப்பட்ட ஒரு பெண்ணின் உருவத்தை அவளுக்குத் தெரியாமல் வரைந்து கொடுக்க இன்னொரு பெண் வருகிறாள். வரைந்த ஓவியம் மிலானில் இருக்கிற மாப்பிள்ளைக்குப் போக வேண்டும். நம் ஊரில் புரோக்கர் கையில் கொடுத்துவிடுகிற போட்டோ மாதிரித்தான். வரைவதற்காகப் பார்த்துப் பார்த்தே இருவருக்கும் காதல் வந்துவிடுகிறது.

ஐம்பது அறுபது பேர் இருந்திருப்போம். பெண்கள் என்று பார்த்தால் பத்துப் பேர்கூட இல்லை. இருவரும் முத்தமிடுகிற இடம் வந்ததும் ஏற்பாட்டாளர் எழும்பிப் போய், கையில் இருந்த டயறியைப் புரொஜெக்டருக்கு முன்னால் பிடித்தார். திரை கறுத்தது. ஆனால் டயறி சின்னது. ஓரத்தில் ஒரு தோளும் கொஞ்சம் தலைமுடியும் தெரிந்தன, நடுவில் அவருடைய நாலு விரல்களின் நிழல். சத்தத்தை நிறுத்த அவருக்கு நினைவு வரவில்லை. இருட்டுக்குள் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பின்வரிசைப் பெடியள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு படத்துக்கு அல்ல, விரல்களுக்கு.

பிறகு கலந்துரையாடல். நாற்பது நிமிடம் பேசினோம். மெழுகுதிரி வெளிச்சத்தில் எப்படிப் படம் பிடித்தார்கள், பின்னணி இசை ஏன் இல்லை, ஓவியச் சட்டகம் எப்படிச் சினிமாச் சட்டகம் ஆகிறது என்றெல்லாம் நல்ல கதை. ஒருவர் எழும்பி ‘இரு பெண்களுக்கிடையிலான ஆழமான நட்பு’ என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நாற்பது நிமிடத்தில் காதல் என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. நானும் வாய் திறக்கவில்லை, அந்தக் குறையையும் சேர்த்தே எழுதுகிறேன். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றபோதுதான் ஏற்பாட்டாளரிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர், கோபிக்கவில்லை. “அக்கா, எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. சனம் ஏற்காது” என்றார்.

இந்த மடல் அந்தக் கடைசி இரண்டு சொல்லைப் பற்றியது. எந்தச் சனம்? எப்போது கேட்டீர்கள்?

தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ படத்தின் கதை உங்களுக்குத் தெரியாதது அல்ல. ஆனால் அதில் பாதியைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். ஷபனா ஆஸ்மியும் நந்திதா தாசும் ஒருவரையொருவர் காதலிக்கிற ஒரே வீட்டு மருமக்களாக நடித்த அந்தப் படம் 1996 இல் எடுக்கப்பட்டு, 1998 நவம்பரில் இந்தியத் தியேட்டர்களுக்கு வந்தது. தணிக்கைச் சபை ஒரு வெட்டும் இல்லாமல் வயதுவந்தோர் சான்றிதழ் கொடுத்திருந்தது. டிசம்பர் 2 ஆம் திகதி மும்பையில் இந்துத்துவக் கட்சியான சிவசேனையின் ஆட்கள் தியேட்டர் கண்ணாடிகளை உடைத்தார்கள். அடுத்த நாள் டெல்லியில் ரீகல் தியேட்டர். (நம் ஊரிலும் ஒரு றீகல் இருந்தது. அதை உடைத்த கதை வேறு.) இவ்வளவும் எல்லோருக்கும் ஞாபகம். உடைப்பதற்கு முந்திய கிட்டத்தட்ட மூன்று கிழமை, அந்தப் படம் பெரிய நகரங்களில் நிறைந்த தியேட்டர்களில் ஓடியது என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. சில தியேட்டர்களில் பெண்களுக்கென்றே தனிக் காட்சி வைத்தார்கள். உடைத்த பிறகு படம் மறுபடி தணிக்கைக்குப் போய், 1999 பெப்ரவரியில் அதே வெட்டில்லாத படமாகத் திரும்பி வந்தது. அப்படியென்றால் ஏற்காத சனம் எது? ரிக்கெற் வாங்கி உள்ளே இருந்த சனமா, வெளியில் கல்லோடு நின்ற சனமா? இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகக் கல்லோடு நின்றவர்களைத்தான் நாம் பார்வையாளர் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

அந்தக் கல்லெறிக்குப் பதிலாக டெல்லியில் பெண்கள் மெழுகுதிரியோடு நின்றபோது, ‘இந்தியரும்தான், லெஸ்பியனும்தான்’ என்று எழுதிய அட்டை ஒன்றும் கூட்டத்தில் இருந்தது. ஒரு படம் பார்த்ததில் தொடங்கி, இப்படியும் மனிதர் இருக்கிறோம் என்று தெருவில் சொல்லும் வரைக்கும் போயிற்று. அந்த டிசம்பரில் நாங்கள் இங்கே கப்பலுக்கும் கடிதத்துக்கும் காத்திருந்தோம். செய்தி வந்திருந்தாலும் காதில் விழுந்திராது.

கென்யாவையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களுக்கும் வெள்ளைக்காரன் விட்டுப்போன தண்டனைச் சட்டம்தான். வனுரி கஹியு எடுத்த ‘ரஃபிக்கி’ நைரோபியில் இரண்டு இளம் பெண்கள் காதலிக்கிற கதை. சுவாஹிலியில் ரஃபிக்கி என்றால் நண்பர், தோழி. அங்கேயும் ‘நட்பு’ என்றுதான் அறிமுகப்படுத்துவார்களாம்! 2018 இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவுக்குப் போன முதல் கென்யப் படம் அது. சொந்த நாட்டில் தடை. முடிவு நம்பிக்கையோடு இருக்கிறது, அதை மாற்று என்று கேட்டார்கள், இயக்குநர் மாற்றவில்லை. செப்டெம்பரில் நீதிமன்றம் ஏழே ஏழு நாளுக்குத் தடையை நிறுத்திவைத்தது. அந்த ஏழு நாளும் நைரோபியில் வரிசை. காட்சிகள் நிறைந்தன. ‘ஏற்காத’ சனம் அங்கே ரிக்கெற் இல்லாமல் திரும்பிப் போனது.

முடிவை மாற்று என்று கேட்டதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்தப் பெண்கள் படத்தில் இருக்கலாம், ஆனால் நல்லாக இருக்கக் கூடாது. பத்மராஜன் 1986 இல் மலையாளத்தில் எடுத்த ‘தேசாடனக்கிளி கரயாறில்ல’ எனக்கு மிகவும் பிடித்த படம், பள்ளிக்கூடத்தை விட்டு ஓடுகிற இரண்டு பிள்ளைகள். அதுவும் சாவில்தான் முடிகிறது. தமிழில் அந்தச் சாவுகூட இல்லை. நெடுங்காலமாகக் கேலி, இல்லாவிட்டால் பொய். ‘பாவக் கதைகள்’ தொகுப்பில் (2020) ஒரு கதையில் ஊருக்கு வந்த இரண்டு பெண்கள் காதலர் என்று சொல்லப்படும். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை அதைப் பார்க்கத் தொடங்கி, நிமிர்ந்து இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அது சும்மா சொன்ன பொய், ஆள் வேறு ஒரு பெடியனைத்தான் விரும்புகிறாள் என்று வந்துவிட்டது. அவள் ஒன்றும் சொல்லாமல் போனைக் கவிழ்த்து வைத்தாள். ஏமாற்றம் என்றால் என்ன என்று அந்தப் போன் கவிழ்ந்த சத்தத்தில் கேட்டேன்.

பிறகு கொஞ்சம் மாறியது. 2021 இல் ‘மகிழினி’ என்று ஒரு பாட்டு, இரண்டு பெண்களின் காதல், கோவிந்த் வசந்தாவின் இசை. 2022 இல் பா. ரஞ்சித்தின் ‘நட்சத்திரம் நகர்கிறது’ படத்தின் நாடகக் குழுவில் அப்படி ஒரு சோடி சும்மா இருக்கிறது, யாரும் அதை விளக்கிக்கொண்டிருக்கவில்லை. அப்புறம் 2025 பெப்ரவரி 14, ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணனின் ‘காதல் என்பது பொதுவுடைமை’. லிஜோமோள் ஜோஸ் மகள், ரோகிணி தாய். காதலிக்கிறேன் என்று மகள் சொல்ல, கூட்டிக்கொண்டு வா என்று தாய் சந்தோசமாகச் சொல்கிறாள். வந்து நிற்பது ஒரு பெண்.

இந்தப் படத்தை நான் வீட்டில் மடிக்கணினியில் பார்த்தேன். அம்மாவும் வந்திருந்தா, எழுபத்தெட்டு வயதுப் பெரியம்மாவும் இருந்தா. பெரியம்மா கொக்குவிலை விட்டு வவுனியா தாண்டிப் போனது மூன்று தடவை. நான் முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை, சொல்லப் பயம். அவ முருங்கையிலை உருவிக்கொண்டு பார்த்தா. மகளின் காதலி உள்ளே வந்த இடத்தில் கை நின்றது. நான் திரையைப் பார்க்கவில்லை, அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் நின்ற கை பிறகு உருவத் தொடங்கியது.

படம் முடிய அவ சொன்னது இது: “அந்தத் தாயைப் பார் பிள்ளை. ஊருக்கெல்லாம் நியாயம் கதைச்சவ, தன்ர வீட்டுக்குள்ள வந்த உடன வாயடைச்சுப் போனா.”

அவ்வளவுதான் விமர்சனம். எந்தக் கலந்துரையாடலிலும் இவ்வளவு சரியாக ஒருவர் சொல்லிக் கேட்டதில்லை. பிறகு இலைக் கீற்றுகளைப் பொறுக்கிக்கொண்டே, தான் படித்த காலத்தில் இரண்டு ரீச்சர்மார் ஒரே வீட்டில் இருந்தார்கள் என்றா. இருவரும் கலியாணம் கட்டவில்லை. ஒருவ சங்கீதம், மற்றவ கணக்கு. ஒரு சைக்கிள். கணக்கு ரீச்சர் செத்த வீட்டில் சங்கீத ரீச்சரை யாரும் ‘உங்களுக்கு என்ன முறை’ என்று கேட்கவில்லை, ஆனால் முன்னுக்கு இருக்கவும் விடவில்லை. விறாந்தைத் தூணோடு நின்றாவாம். “நான் அப்ப சின்னப்பிள்ளை. அவ ஏன் அப்பிடி நிண்டவ எண்டு இண்டைக்குத்தான் யோசிச்சன்” என்றா பெரியம்மா.

அவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. தோழிகளாகவே இருந்திருக்கலாம், செத்தவர்களுக்கு நான் பெயர் வைக்கப் போவதில்லை. ஆனால் அறுபது வருடத்துக்கும் முந்திக் கண்ட ஒன்றைப் பற்றி யோசிக்க ஒரு கிழவிக்கு ஒரு படம் இடம் கொடுத்தது. மண்டபத்தில் டயறி பிடித்தபோது நீங்கள் மறைத்தது முத்தத்தை மட்டும் அல்ல.

சட்டம் இருக்கிறது என்று சிலர் சொல்வீர்கள். இருக்கிறதுதான். 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, ஒருபாலுறவைக் குற்றமாக்குகிற 365, 365அ பிரிவுகள். 365அ முதலில் ஆண்களைத்தான் சொன்னது. 1995 திருத்தத்தில் பாலினம் பார்க்காத சொல்லாக மாற்றி எங்களையும் உள்ளே எடுத்தார்கள், சமத்துவம் எங்களுக்கு வந்து சேர்ந்த வழி அப்படி. 2023 இல் இதை நீக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று உயர் நீதிமன்றம் சொல்லியும், நான் எழுதும்வரை சட்டம் மாறவில்லை. ஆனால் அந்தப் பிரிவுகள் படம் காட்டுவதைப் பற்றிப் பேசவில்லை. அசோக ஹந்தகம 2002 இல் சிங்களத்தில் ‘தனி தட்டுவென் பியாபன்ன’ எடுத்தார். பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்ந்து கராஜில் வேலை செய்கிற, மனைவியோடு குடும்பம் நடத்துகிற ஒருவரின் கதை. அதை லெஸ்பியன் படம் என்று சொல்வது சரியில்லை, திருநம்பியின் கதையாகத்தான் நான் பார்க்கிறேன். இதே மனிதர்தான் பிறகு நம் யாழ்ப்பாணத்துக்கு வந்து ‘இனி அவன்’ எடுத்தார். அதைப் பற்றி எத்தனை கூட்டம் வைத்தோம்! முந்தியதைப் பற்றி ஒரு தேநீர்கூடக் குடிக்கவில்லை.

சரி, நான் கேட்பது பெரிய காரியம் அல்ல. காட்டுவதென்றால் முழுதாகக் காட்டுங்கள், இல்லாவிட்டால் அந்தப் படத்தை எடுக்கவே வேண்டாம். தமிழில் உபதலைப்புப் போடுகிறவர்கள் காதலியை ‘சிநேகிதி’ ஆக்காதீர்கள். பெண்களுக்கென்று ஒரு காட்சி வைத்துப் பாருங்கள். மண்டபத்துக்குள் யாரும் போன் கமரா தூக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். யார் யார் வந்தார்கள் என்று பேஸ்புக்கில் போட்டால், அடுத்த தடவை வர நினைத்த பிள்ளை வரமாட்டாள். அவளுக்கு அண்ணன் இருப்பான், சுவிசில் சித்தப்பா இருப்பார்.

குறும்படம் எடுக்கிற தம்பி தங்கைகளே, உங்கள் கதைகள் இரண்டு மூன்றை வாசிக்கத் தந்திருக்கிறீர்கள். நன்றி. எல்லாவற்றிலும் கடைசியில் ஒருத்தி கிணற்றடியில் நிற்கிறாள். அவளை அங்கிருந்து கூட்டிக்கொண்டு வாருங்கள். தையல் மெசின் கொடுங்கள், லீசிங் கட்டி முடியாத ஒரு ஸ்கூட்டி கொடுங்கள். தேங்காய் யார் திருவுவது என்று இருவரும் சண்டை பிடிக்கட்டும். சேர்ந்து நல்லூர்த் திருவிழாவில் கச்சான் வாங்கட்டும். அதைப் படமாக்குவது கிணற்றடியை விடக் கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

திரையிடல் வைத்தால் பின்னேரம் மூன்று மணிக்கு வையுங்கள். பெரியம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறா, ஆனால் ஆறு மணிக்கு விளக்கு வைக்க வீட்டுக்கு வந்துவிட வேண்டும். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அவவுக்குக் கோயில்.

இப்படிக்கு,
அன்று மண்டபத்தில் வாய் திறக்காமல் இருந்த ஒருத்தி,
கொக்குவில்