படம் இல்லாத பாட்டுக்கும் அரைப் பக்கம் கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வெள்ளிக்கிழமை சினிமா இணைப்பை விடாமல் படிக்கிறவன் நான். போன வாரம் ஒரு பெரிய படத்தின் முதல் பாட்டுக்காக முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். பாட்டு வந்துவிட்டது என்பதற்காக அல்ல, வரப்போகிறது என்பதற்காக. சரி, அது உங்கள் வியாபாரம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் அதே வெள்ளிக்கிழமை, எந்த நடிகரும் இல்லாமல், எந்தப் படத்துக்கும் இல்லாமல், நாலு பையன்களும் ஒரு பெண்ணும் சேர்ந்து கைக்காசு போட்டுப் பதிவு செய்த தமிழ்ப் பாட்டுகளும் வெளியாகின்றன. அவற்றுக்கு உங்கள் இணைப்பில் ஒரு வரி கூட இல்லை என்பதுதான் என் வருத்தம்.

பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கடையில் நாள் முழுக்கப் பாட்டு ஓடும், பெரும்பாலும் இந்த மாதிரிப் பாட்டுகள்தான். வருகிறவர்கள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "நல்லாருக்கே, எந்தப் படம்ணே?" என்பார்கள். படம் இல்லை, தனி ஆல்பம் என்று சொன்னால் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரியும், ஏதோ டூப்ளிகேட் சார்ஜரைத் தலையில் கட்டிவிட்ட மாதிரி. இதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. பாட்டு என்றால் சினிமாதான் என்று பத்திரிகையும் டிவியும் சேர்ந்து பழக்கி வைத்திருக்கிறீர்கள்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது மலேசியாக்காரர்களால். 2006ல் யோகி பி, நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' ஆல்பம் வந்தது. அப்போதெல்லாம் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுப்பார்கள், அப்படித்தான் அது எங்கள் ஊருக்கும் வந்து சேர்ந்தது. 1980ல் வந்த 'நிழல்கள்' படத்தின் 'மடை திறந்து' பாட்டை எடுத்துக்கொண்டு அதன்மேல் தமிழில் சொல்லிசை பாடியிருந்தார்கள். தமிழில் ராப் என்றால் அதுவரை சினிமாவில் வந்த வேடிக்கைப் பாட்டுதான் எனக்குத் தெரியும். இவர்கள் முழு ஆல்பத்தையே அப்படிப் போட்டிருந்தார்கள், மூச்சுவிடாமல், சொல் தெளிவாக, ஒரு கெத்தோடு. ஆனால் 2007ல் 'பொல்லாதவன்' படத்தில் பாடிய பிறகுதான் யோகி பி என்ற பெயர் இங்கே பலருக்குத் தெரிந்தது. அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் மாறவில்லை. 'லியோ' படத்தில் ராப் பாடினால்தான் அசல் கோளாறு யார் என்று எழுதுகிறோம், 'பிரதர்' படத்தில் பாடினால்தான் பால் டப்பா யார் என்று தேடுகிறோம். இருவருமே அதற்கு முன்னால் சொந்தப் பாட்டுகள் போட்டு ஒரு கூட்டத்தைச் சேர்த்து வைத்திருந்தவர்கள்.

2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முறையாக மேடையேறியது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 19 பேர் கொண்ட குழு அது. இதைச் செய்தியாக எல்லாரும் போட்டார்கள், உங்கள் பத்திரிகையும் போட்டதாக நினைவு. சாதி, அரசியல், மேடை என்று எல்லாம் வந்தது. ஆனால் அந்த இசை எப்படி இருந்தது என்று யாராவது எழுதினால் நன்றாக இருக்குமே என்று நான் தேடிக்கொண்டே இருந்தேன். ஒரு பக்கம் பறை, கானாவுக்கு அடிக்கும் கட்ட மோளம், சட்டி. இன்னொரு பக்கம் டிரம்ஸ், எலெக்ட்ரிக் கிடார். இரண்டும் முட்டிக்கொள்ளாமல் போகிறதே, அது எப்படி? எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். அந்தக் குழுவில் கிடார் முன்னால் நிற்பதில்லை, சட்டியின் தாளம்தான் வண்டி ஓட்டுகிறது, கிடார் பின்னால் உட்கார்ந்து அதற்கு வலு சேர்க்கிறது. இதே கருவிகளை ஒரு சினிமாக் குத்துப்பாட்டில் வைத்தால் எல்லாமே ஒரே சத்தமாகக் கலந்துவிடும். இங்கே ஒவ்வொன்றும் தனியாகக் காதில் விழுகிறது. அப்புறம் அந்தக் குழுவின் பாடகி இசைவாணி. ஆண்களே பாடிவந்த கானாவில் அந்தக் குரல் நுழைகிறபோது பாட்டின் குணமே மாறிவிடுகிறது. 2020ல் பிபிசி வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது, அதுவும் செய்தியானது. குரலைப் பற்றி எழுதியவர்கள் எத்தனை பேர்?

அந்தக் குழுவிலிருந்து வந்த ராப் பாடகர் அறிவு, இசையமைப்பாளர் ஆஃப்ரோவோடு சேர்ந்து 2019ல் போட்ட 'தெருக்குரல்' ஆல்பத்தை இன்றும் ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். ராப் பாடுகிற பலர் தாளத்துக்குள் சொல்லை அடைப்பார்கள், இடம் பத்தாவிட்டால் குறிலை நெடிலாக்கி இழுப்பார்கள், தமிழ் கேட்கவே பரிதாபமாக இருக்கும். அறிவிடம் அந்தத் தொந்தரவு இல்லை. பேசுகிற தமிழின் நடையிலேயே தாளம் இருக்கிறது என்று தெரிந்து எழுதுகிறவர் அவர். ஒப்பாரியும் மேடைப்பேச்சும் கானாவும் கேட்டு வளர்ந்த காதுக்கு ராப் ஒன்றும் அந்நியச் சரக்கு இல்லை என்று எனக்குப் புரிந்தது அதைக் கேட்டுத்தான்.

ராக் பக்கம் வந்தால் நம்மிடம் சரக்கு குறைவு, ஒப்புக்கொள்கிறேன். சென்னையில் ஸ்க்ராட், எஃப்16ஸ் போன்ற நல்ல குழுக்கள் உண்டு, ஆனால் அவர்கள் பாடுவது ஆங்கிலத்தில். தமிழில் என்றால் தென்மாவும் கபேர் வாசுகியும் சேர்ந்து நடத்திய 'குரங்கன்' எனக்குப் பிடிக்கும். கபேர் வாசுகியின் 'அழகு புராணம்' ஆல்பத்தில் அவர் பாடுவதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரிதான் இருக்கும், சுருதி அங்கங்கே சறுக்கும், அதனாலேயே எனக்கு நெருக்கமாக இருக்கும். (என் மனைவிக்கு அது சகிக்காது, "இவருக்குப் பதில் நீயே பாடலாம்" என்பாள்.) எண்ணூர்க் கழிமுகத்தைக் காப்பாற்றச் சொல்லி 2017ல் டி.எம். கிருஷ்ணா பாடிய 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' உங்களுக்கு நினைவிருக்கும், அதன் வரிகளை எழுதியவரும் இதே வாசுகிதான்.

கடல் தாண்டியும் நம் ஆட்கள் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சென்ட் டி பால், யாஞ்சன் என்ற மிருதங்கக்காரரோடு சேர்ந்து செய்த வரிசை ஒன்று உண்டு. பீட் எதுவும் கிடையாது, மிருதங்கம் மட்டும்தான், அதற்கு ஈடுகொடுத்து ஆங்கிலத்தில் ராப். தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் கேட்டுப் பழகியவர்கள் அதைக் கேட்டால் சிரித்துவிடுவார்கள், அவ்வளவு பொருத்தம். 2021ல் 'மேட் இன் ஜாஃப்னா' என்று முழு ஆல்பமும் போட்டார். சுவிட்சர்லாந்தில் வளர்ந்த பாடகி பிரியா ராகு 2023ல் தன் முதல் முழு ஆல்பத்துக்கு 'சந்தோஷம்' என்றே பெயர் வைத்தார். இவர்களைப் பற்றி எழுதினால் வேலையை விட்ட கதை, அகதியாகப் போன கதை என்று வாழ்க்கைக் குறிப்பைத்தான் போடுகிறார்கள். அதுவும் வேண்டும்தான், ஆனால் பாட்டு எங்கே?

உங்களுக்கு இசை விமர்சனம் எழுதத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. டிசம்பர் வந்தால் சபாக் கச்சேரிக்குக் கல்யாணி ஆலாபனை எப்படி விரிந்தது, தனி ஆவர்த்தனம் எங்கே களைகட்டியது, துக்கடாவில் எது எடுபடவில்லை என்று எவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறீர்கள். 2020லிருந்து அதே மார்கழியில் நீலம் அமைப்பு 'மார்கழியில் மக்களிசை' நடத்துகிறது, அதற்கும் அதே காதைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். பாராட்டித்தான் எழுத வேண்டும் என்று இல்லை. இண்டி, அதாவது சினிமா சாராத தனி இசை, என்று போர்டு மாட்டியதாலேயே எல்லாம் தங்கமாகிவிடாது. இப்போது வருகிற ராப்பில் நிறைய ஒரே பீட்டில் ஒரே ஆட்டோடியூன் குரலில் ஒரே பைக் பெருமையாக இருக்கிறது, பெண்களைப் பற்றிப் பாடுகிற வரிகளைக் கடையில் சத்தமாக வைக்க முடியவில்லை, மகள் பக்கத்தில் இருப்பாள். இதையெல்லாம் கிழித்து எழுத ஒருவர் வேண்டும். திட்டுவதற்குக்கூட ஆளில்லாத ஒரு துறை எப்படித் தேறும்?

வெளிநாட்டுக்காரன் சொல்லட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். பக்கத்து மாநிலத்து ராப் பாடகர் ஹனுமன்கைண்ட், 2024ல் கேரளத்துப் பொன்னானியில் மரணக்கிணறு வண்டிகளுக்கு நடுவே படமாக்கிய 'பிக் டாக்ஸ்' பாட்டு அமெரிக்காவின் பில்போர்ட் பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் ஏறியது. அதன் பிறகு எல்லாப் பத்திரிகையிலும் அவர் படம்தான். அவர் அதற்கு முன்பே பல வருடங்களாகப் பாடிக்கொண்டிருந்தவர்.

வாரம் ஒரு முழுப் பக்கம் வேண்டாம், அரைப் பக்கம் போதும். அந்த வாரம் வந்ததில் ஒரு ஆல்பத்துக்கு ஒழுங்கான விமர்சனம், மூன்று நான்கு பாட்டுகளுக்கு இரண்டிரண்டு வரி, எந்த ஊரில் எந்த மேடையில் யார் பாடுகிறார்கள் என்று ஒரு சின்னப் பெட்டி. எழுத ஆள் இல்லை என்று சொல்லாதீர்கள். கல்லூரிகளில் இதையே மூச்சாக வைத்திருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வரிசையில் நிற்பார்கள்.

எழுதத் தொடங்கினால் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், எல்லார் பெயரையும் போடுங்கள். 2021 மார்ச்சில் வந்த 'எஞ்சாயி எஞ்சாமி' உலகம் முழுக்க ஓடியது. அதை எழுதி, கூடவே பாடியவர் அறிவு. ஆனால் அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் அவரோடு அதைப் பாடிய பாடகி தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இரஞ்சித் உட்படப் பலர் கேள்வி கேட்ட பிறகுதான் அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. அந்தப் பாட்டால் தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று 2024ல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். காசு விஷயம் உங்கள் கையில் இல்லை. பெயர் போடுவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
பாளையங்கோட்டை.