பினாங்கு கொடிமலைப் பழைய பாதை: ஞாயிறு கோத்தோங் ரோயோங் (கூட்டுப் பணி)

வணக்கம் நண்பர்களே.

மூன் கேட் என்ற வட்ட நுழைவாயிலிலிருந்து கொடிமலைக்கு ஏறும் பழைய பாதையை வரும் ஞாயிறு, 15ஆம் தேதி சீர் செய்கிறோம். 1923இல் மலை ரயில் வருமுன் மேலே போக நடைதான், அல்லது மட்டக்குதிரை. வசதியானவர்களுக்கு டோலி. அதைத் தூக்கியவர்களை நினைத்தால் நம் ஏற்றம் ஒன்றுமே இல்லை.

1. காலை 7.00, மூன் கேட் வாசல்.

2. முதல் வேலை வடிகால். மழைநீர் பாதை நடுவே ஓடினால் மண் அரித்து வேர் வெளியே வந்துவிடும். அதனால் குறுக்கே சிறு வாய்க்கால் வெட்டி, தண்ணீரைச் சரிவுப் பக்கம் திருப்புகிறோம். அப்புறம்தான் கல் படி.

3. மரம், கிளை எதையும் வெட்ட வேண்டாம். கொடிமலை 2021 முதல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். நமக்கு அனுமதி வடிகாலுக்கும் படிக்கும் மட்டுமே.

4. சங்குல் (மண்வெட்டி), கையுறை, 2 லிட்டர் தண்ணீர். அட்டைப்பூச்சி இருக்கும், நீளமான காலுறை போடுங்கள்.

5. சாப்பாட்டைப் பைக்குள் வையுங்கள். போன தடவை என் நாசி லெமாக் சோற்றைக் குரங்கு கொண்டுபோய்விட்டது.

வருகிறவர்கள் வெள்ளி இரவு 9.00 மணிக்குள் பெயரையும், சங்குல் இருக்கிறதா என்பதையும் இங்கே எழுதுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் சேராது! மழை என்றால் காலை 6.00 மணிக்குச் சொல்கிறேன்.