சால்னா மறுமுறை கிடையாது

ஃபுகுவோகா,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். அங்கே எல்லோரும் நலம்தானே? போன வாரம் போனில், "நல்ல கடையாப் பார்த்து ஒரு வேளை சாப்பிட்டியா இல்லையா?" என்று கேட்டீர்கள். நேற்று சாப்பிட்டேன். முப்பது வருடம் பரோட்டாக் கடை நடத்துகிறவரிடம் அதை இரண்டு வரியில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. அதனால்தான் கடிதம்.

கடையின் பெயர் இச்சிரான். 1960-இல் இந்த ஊரில் சின்னதாகத் தொடங்கிய ராமென் கடை, இன்று ஜப்பான் முழுக்கக் கிளைகள். ராமென் என்றால் சூடான சாற்றில் போட்ட நூடுல்ஸ். நான் போனது நகாசு பகுதியில், ஆற்றை ஒட்டி இருக்கும் தலைமைக் கடைக்கு. கல்லா என்று ஒன்று இல்லை அப்பா. ஓர் இயந்திரத்தில் பணத்தைப் போட்டு பட்டனை அழுத்தினால் டோக்கன் வருகிறது. எந்த இடம் காலி என்பதை விளக்குப் பலகை காட்டுகிறது.

அப்புறம் ஒரு தாள். கொழுப்பு எவ்வளவு, பூண்டு எவ்வளவு, வெங்காயத்தாள் வேண்டுமா, சிவப்புக் காரம் எவ்வளவு, நூடுல்ஸ் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் வட்டம் போட வேண்டும். காரத்தைக் கூட்டித்தான் போட்டேன். விருதுநகர்க்காரனுக்கு அதெல்லாம் ஓர் உறைப்பா!

இருக்கைதான் வேடிக்கை. இரண்டு பக்கமும் பலகைத் தடுப்பு, முன்னால் ஒரு மூங்கில் திரை, ஆளுக்கொரு தண்ணீர்க் குழாய். திரைக்கு அப்பாலிருந்து இரண்டு கைகள் வந்து கிண்ணத்தை வைத்தன, திரை இறங்கியது, அவ்வளவுதான். கடைசி வரை முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பிடுகிறவன் கவனம் சாப்பாட்டில் மட்டும் இருக்கட்டும் என்பது அவர்கள் கணக்கு. "இன்னும் ரெண்டு வைக்கவா?" என்று இலை இலையாகக் கேட்டு நடக்கிற உங்களுக்கு இது கடையாகவே தோன்றாது. எனக்கும் முதலில் தண்டனைக்கு உட்கார வைத்த மாதிரிதான் இருந்தது. ஆனால் உறிஞ்சுகிற சத்தத்துக்கு இங்கே யாரும் திட்டுவதில்லை. வீட்டில் எத்தனை முறை குட்டு வாங்கியிருக்கிறேன்!

அடுத்த பத்தியை மட்டும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதீர்கள். சாறு பன்றி எலும்பில் செய்தது. எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டுப் பால் மாதிரி வெளுக்க வைக்கிறார்கள். தெற்கே குருமே என்ற ஊரில் 1937-இல் தள்ளுவண்டிக் கடை ஒன்றில் பன்றி எலும்புச் சாறு பிறந்ததாம். அது தெளிந்த சாறு. 1947-இல் அதே ஊரில் வேறொரு கடையில் அடுப்பை மறந்துவிட்டார்கள், பானை தளதளவென்று கொதித்து வெள்ளையாகிவிட்டது, ருசித்துப் பார்த்தால் அதுதான் நன்றாக இருந்தது என்று சொல்கிறார்கள். உங்கள் கடையில் அடுப்பை மறந்தவனுக்கு என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்.

நூடுல்ஸ் இடியாப்பம் மாதிரி மெல்லிசு. இந்த ஊர் மீன் சந்தை நாகஹாமாவில் இருக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்களுக்கு நின்று சாப்பிடக்கூட நேரம் இருக்காது. மெல்லிசாக இருந்தால் சட்டென்று வேகும். ஆனால் சூட்டில் கிடந்தால் குழைந்துவிடும். அதனால் கொஞ்சமாக வைத்து, தீர்ந்ததும் நூடுல்ஸை மட்டும் மறுபடி போட்டார்கள். அதற்குக் காயேதமா என்று பெயர். இன்று ஊர் முழுக்க இதே வழக்கம். கெட்டியாக வேண்டும் என்றால் சில கடைகளில் "ஹரிகனே" என்று சொல்வார்கள், கம்பி என்று அர்த்தம்.

இங்கேதான் ஏமாந்தேன். நம் கடையில் பரோட்டாவுக்குக் காசு, சால்னா கேட்கக் கேட்க வரும். இங்கே அப்படியே தலைகீழ். சாறு ஒரு தடவைதான், காசு கொடுத்தால் நூடுல்ஸ்தான் திரும்ப வரும். அது தெரியாமல், ரசம் குடிக்கிற மாதிரி கிண்ணத்தைத் தூக்கி முழுவதும் குடித்துவிட்டேன். அடியில் ஏதோ எழுதியிருந்தது. 'இந்த ஒரு சொட்டே பெரும் மகிழ்ச்சி' என்று பிறகு அலுவலக நண்பர் சொன்னார். அந்த மகிழ்ச்சியோடு பட்டனை அழுத்தினேன். தட்டில் வெறும் நூடுல்ஸ் வந்து நின்றது. நனைக்க ஒரு சொட்டு இல்லை! தண்ணீரைக் குடித்துக் குடித்துத் தின்று முடித்தேன். நல்ல வேளை, தடுப்பு இருந்ததால் யாரும் பார்க்கவில்லை.

அந்தத் தாள் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன், இத்துடன் அனுப்புகிறேன். நம் கடையிலும் 'மொறுமொறு, மெது, சால்னா தனியாக' என்று வட்டம் போடத் தாள் வைத்தால் என்ன என்று மாஸ்டரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை அப்படியே எழுதுங்கள், கெட்ட வார்த்தையாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உங்கள் மகன்
குமார்